சுற்றளவு எடுக்கும்போது கண் ஏமாந்த கதைகளைச் சொல்லுங்கள்

கணக்கு டீச்சர்:
ஏ4 தாளின் சுற்றளவைக் கேட்டால் பிள்ளைகள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். 21, 29.7, ஆக மொத்தம் 101.4 செ.மீ. உடனே ஒரு மூலையில் 2 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு "இப்போ எவ்வளவு?" என்பேன். "குறையும்!" என்று வகுப்பே கத்தும். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அதே 101.4! போன இரண்டு விளிம்புக்கு ஈடாக உள்பக்கம் இரண்டு விளிம்பு வந்துவிடுகிறதே. அதே சதுரத்தை ஒரு பக்கத்தின் நடுவில் வெட்டினால் இன்னும் வேடிக்கை. 2 செ.மீ. போய் 6 வரும், சுற்றளவு 105.4 ஆகிவிடும். ஒரு பையன் விளிம்பு முழுக்கப் பல் பல்லாக வெட்டிக்கொண்டே போனான். பெல் அடித்தும் நிறுத்தவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

ஊசிநூல்:
தையலில் தினமும் இதே பாடுதான். ஆர்ம்ஹோல், அதாவது கை பொருத்தும் துளையின் வளைவை, டேப்பைப் படுக்கப்போட்டு அளந்தால் டேப் மடங்கும், அளவு தப்பும். டேப்பின் விளிம்பை நிறுத்திவைத்து வளைவோடு நடத்திக்கொண்டு போக வேண்டும். அதுவும் வெட்டிய ஓரத்தில் இல்லை, தையல் விழப்போகும் கோட்டில். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதே இதுதான்.

மரம் அளப்பவன்:
எங்கள் வேலையில் மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுப்போம், சரிவான இடம் என்றால் மேட்டுப்பக்கத்தில் நின்று. டேப் கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு கூடிவிடும். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சுற்றளவை 3.1416 ஆல் வகுத்து விட்டம் எடுக்கிறோமே, அதில் அடிமரம் சரியான வட்டம் என்று வைத்துக்கொள்கிறோம். எந்த மரம் அப்படி இருக்கிறது? ஒரே சுற்றளவுள்ள வடிவங்களில் பரப்பு அதிகம் உள்ளது வட்டம்தான். அதனால் இப்படிக் கணக்கிடும் குறுக்குவெட்டுப் பரப்பு, உள்ளதைவிட அதிகமாகத்தான் வரும். ஒருபோதும் குறையாது. கோணல்மாணலான மரமென்றால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

உளிக்காரன்:
வட்டம் பரவாயில்லை, நீள்வட்ட மேசையின் ஓரத்தைச் சுற்றிப் பீடிங் பட்டை ஒட்டிப் பாருங்கள். நீளம் 180, அகலம் 120 செ.மீ. என்று ஒன்று வந்தது. இரண்டின் சராசரி 150, அதை பையால் (π, அந்த 3.1416) பெருக்கினால் 471 சொச்சம். அந்த நீளத்துக்குப் பட்டையை வெட்டியிருந்தால் கடைசியில் ஐந்து செ.மீ. அளவுக்கு வாய் பிளந்து நின்றிருக்கும். நீள்வட்டத்துக்கு வட்டம்போல எளிய துல்லியமான சூத்திரம் கிடையாது. ராமானுஜன் 1914-இல் கொடுத்த தோராயச் சூத்திரம் இருக்கிறது: பாதி நீளம் அ, பாதி அகலம் ஆ என்றால், பை × [3(அ+ஆ) − √((3அ+ஆ)(அ+3ஆ))]. போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய 476 வந்தது. மேசையைச் சுற்றி நூல் பிடித்தபோதும் அதையொட்டித்தான் வந்தது. மேசை ஓரத்துக்கு ராமானுஜனா என்று வீட்டில் சிரித்தார்கள்.

கணக்கு டீச்சர்:
அருமை! நாளைக்கே வகுப்பில் சொல்லிவிடுவேன். நூல் என்றால் எந்த நூல்?

ஊசிநூல்:
உளிக்காரருக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன் டீச்சர். பருத்தி நூல் இழுத்தால் நீளும், பிள்ளைகள் இழுக்காமல் விட மாட்டார்கள். காகிதத்தைப் பட்டையாக வெட்டிச் சுற்றி, ஓரம் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிரித்து ஸ்கேலில் வைத்தால் போதும்.