வழியெடை: மசில் கார்கள் ஏன் கனத்தன என்பதற்கு ஒரு கலைச்சொல்

பொருள்: "மாஸ் காம்பௌண்டிங்" – தமிழில்?

அனைவருக்கும் வணக்கம்.

நம் வாகனப் பொறியியல் கலைச்சொல் பட்டியலில் இந்தச் சொல்லுக்கு எதிரே இன்னும் வெறும் கோடுதான் கிடக்கிறது. ஒரு காரில் ஏதோ ஒரு தேவைக்காக 10 கிலோ சேர்க்கிறோம். அதைச் சுமக்கச் சட்டகமும், நிறுத்த பிரேக்கும், இழுக்க எஞ்சினும் கொஞ்சம் பருக்க வேண்டியிருக்கிறது. பருத்ததும் எடைதானே, அதைச் சுமக்க மறுபடி கொஞ்சம். இந்தத் தொடருக்குத்தான் பெயர் வேண்டும்.

எடுத்துக்காட்டாக அமெரிக்க மசில் கார்களை, அதாவது பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்களை, வைத்துக்கொள்ளலாம். 1965 ஃபோர்டு மஸ்டாங், ஆறு சிலிண்டர் கூபே, சுமார் 1,110 கிலோ. 2015 மஸ்டாங் ஜிடி சுமார் 1,680 கிலோ. ஐம்பது ஆண்டில் 570 கிலோ ஏறியிருக்கிறது.

என் முன்மொழிவு: எடைப்பெருக்கம்.

(மசில் காரை அப்படியே விட்டுவிடுவோம். "முறுக்குக் கார்" என்று முன்பு ஒருவர் எழுதியதைப் பார்த்தால் பலகார வண்டி என்றுதான் தோன்றுகிறது.)

---

மறுமடல்

> ஐம்பது ஆண்டில் 570 கிலோ ஏறியிருக்கிறது.

சொல்லுக்குப் போகுமுன் கணக்கைச் சரிசெய்வோம் ஐயா. 1,110 என்பது அந்தக் கால விவரத்தாளில் வரும் அனுப்பீட்டு எடை. டாங்க் நிரம்பியிருக்காது, கூடுதல் வசதிகள் எதுவும் சேர்ந்திருக்காது. 1,680 என்பது கர்ப் எடை: பெட்ரோல் முழுதும், ஆயில், கூலன்ட் எல்லாம் ஊற்றி, ஆள் மட்டும் ஏறாத நிலை. இரண்டு காருக்கும் டாங்க் ஏறக்குறைய 60 லிட்டர்தான். பெட்ரோல் மட்டுமே 45 கிலோ வரும். தவிர, ஆறு சிலிண்டரை எட்டு சிலிண்டரோடு ஒப்பிடுகிறீர்கள். அந்தக் கால வி8 காரில் ஆட்டோமேட்டிக் கியரும் பவர் ஸ்டியரிங்கும் சேர்த்து, டாங்கை நிரப்பி நிறுத்தால் 1,300 கிலோவை எட்டும். உண்மையான ஏற்றம் 350 முதல் 400 கிலோ என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய கார் எல்லாமே இலேசு என்பதும் சரியில்லை. 1970 செவர்லே செவெல் எஸ்எஸ் 454 அப்போதே 1,700 கிலோவைத் தாண்டிய வண்டி. மஸ்டாங், கமாரோ போன்ற சிறிய உடற்கட்டுக் கார்களை அவற்றின் இன்றைய வாரிசுகளோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

கர்ப் எடைக்கும் நம் பட்டியலில் சொல் இல்லை. கர்ப் என்றால் சாலையோரக் கல் என்பதால் "ஓரக்கல் எடை" என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம், அது கல்லின் எடையாகிவிடும். எடைமேடைச் சீட்டில் லாரிக்குக் "காலி எடை" என்று போடுவார்கள். ஆனால் சிலர் ஓட்டுநரை இறக்கி நிறுப்பார்கள், சிலர் இறக்க மாட்டார்கள். கிளம்பத் தயாராக நிற்கும் வண்டி என்ற பொருளில் ஆயத்த எடை எனலாம். குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ஐரோப்பிய முறையில் 75 கிலோ ஓட்டுநரும் 90 விழுக்காடு எரிபொருளும் சேர்த்தி. அமெரிக்கத் தாளில் ஓட்டுநர் கிடையாது. அதே மஸ்டாங் கப்பல் ஏறிப் போனால் தாளில் 70 கிலோ கூடிவிடும்.

எடைப்பெருக்கம் வேண்டாம். எடை கூடியது என்ற விளைவை மட்டும் அது சொல்கிறது. எது எதை ஏற்றியது என்ற செய்தி அதில் இல்லை.

---

மறுமடல்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. யாராவது "நிறை" என்று தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடநூல்களில் மாஸ் திணிவு, வெயிட் நிறை. உங்கள் பாடநூல்களில் மாஸ் நிறை, வெயிட் எடை. நிறையை அடியாக வைத்தால் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இரு பொருள் வரும். இயற்பியல் ஆசிரியர்கள் முகம் சுளித்தாலும் எடையே இருக்கட்டும். அலகு கிலோ என்று குறித்துவிட்டால் குழப்பம் இல்லை.

என் பரிந்துரை கூட்டெடை. கூட்டு வட்டி போல. முதலுக்கு வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி.

ஒன்று கேட்க வேண்டும். முதலில் ஏறியது எது? பாதுகாப்பு விதி, காற்றுப்பை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு காற்றுப்பை சில கிலோதானே?

---

மறுமடல்

> ஒரு காற்றுப்பை சில கிலோதானே?

ஆமாம். பை எடை அல்ல, கூடுதான் எடை. பை விரிவதற்குள் பயணியின் இடம் நசுங்காமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் கதவுக்குள் குறுக்குச் சட்டம் 1973-லேயே கட்டாயமாகிவிட்டது. பக்கவாட்டில் மோதிப் பார்க்கும் சோதனை 1990-களில் வந்தது. கூரை தாங்க வேண்டிய சுமை முன்பு வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு. 2009-ல் திருத்திய விதி அதை மூன்று மடங்காக்கியது. 2012-ல் காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு அமைப்பு, முன்பக்கத்தின் 25 விழுக்காடு மட்டும் 64 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதும் சோதனையைக் கொண்டுவந்தது. அந்த மோதலில் விசை முன்பக்கத்தின் நீளச் சட்டங்களைத் தொடாமல் நேரே சக்கரத்துக்கும் கதவுத் தூணுக்கும் போகிறது. அதனால் தூணடியைக் கனமாக்க வேண்டியதாயிற்று.

மஸ்டாங்கின் அளவுகளிலேயே இது தெரியும். 1965-ல் அச்சிடைத் தூரம் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே) 2,743 மி.மீ., 2015-ல் 2,720. குறைந்திருக்கிறது! அகலமோ 1,732-லிருந்து 1,915. அந்த 183 மி.மீ. அகலத்தில் ஒரு பங்கு தடித்த கதவுக்கும் அகன்ற டயருக்கும் போனது.

எஞ்சின்மேல் பழிபோடுவதும் பொருந்தாது. இன்றைய 5 லிட்டர் வி8-இல் நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வு. ஆனாலும் அலுமினிய பிளாக் என்பதால் சுமார் 200 கிலோதான். பழைய 4.7 லிட்டர் வார்ப்பிரும்பு எஞ்சினும் ஏறக்குறைய அவ்வளவே.

மீதி எடை எப்படி ஏறியது என்பதற்கு 2015 டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் நல்ல பாடம். 6.2 லிட்டர் எஞ்சினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர், 707 குதிரைத்திறன். அழுத்திய காற்று சூடாகும், அதைக் குளிர்விக்கத் தனி நீர்ச் சுற்று. முறுக்குவிசை கூடியதும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் பின் டிஃபரன்ஷியலும் பருத்தாக வேண்டும். அந்த விசையைச் சாலையில் இறக்க 275 மி.மீ. அகல டயர், 20 அங்குலச் சக்கரம். எட்டும் வேகத்திலிருந்து நிறுத்த முன்பக்கம் 390 மி.மீ. பிரேக் டிஸ்க். 1965 மஸ்டாங் வி8-இன் டிரம் பிரேக் விட்டம் 254 மி.மீ. இத்தனையும் சேர்ந்து ஹெல்கேட் ஏறக்குறைய 2,020 கிலோ.

ஒரு கிலோ முதல் எடைக்கு 400 கிராம் பின்தொடர்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவுக்கு 40, அந்த 40-க்கு 16, அதற்கு 6.4 என்று போய் மொத்தம் 167 கிலோவில் நிற்கும்.

கூட்டு வட்டி ஒப்புமை இங்கேதான் இடறுகிறது. வட்டி ஓயாமல் ஏறும், இது அடங்கிவிடும். போதாததற்குக் "கூட்டெடை" என்றால் எல்லாவற்றையும் கூட்டிய மொத்த எடை என்றே படிப்பார்கள். "வட்டிக்கு வட்டி" மாதிரி "எடைக்கு எடை" என்று தொடங்கினால் துலாபாரத்தில் போய் நிற்போம்.

முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாடு நம்மிடம் இருக்கிறதே. தேவையால் நேரடியாக ஏறுவது முதலெடை. அதைச் சுமக்க ஏறுவது வழியெடை. தொடர் நிகழ்வு வழியெடையேற்றம். எதிர்த்திசையில் நடந்தால் வழியெடையிறக்கம்.

---

மறுமடல்

வழியெடை எனக்கு உடன்பாடு. "முதலெடை" மட்டும் எடைமேடைக்காரர் காதில் முதல்முறை நிறுத்த எடை என்று விழும். ஆனாலும் இணைச்சொல் பக்கத்தில் இருக்கும்போது குழப்பம் வராது என்று விட்டுக்கொடுக்கிறேன்.

வழியெடையிறக்கத்துக்கு ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். தயாராகிவிட்ட காரில் எஃகு பானெட்டைக் கழற்றிவிட்டு அலுமினிய பானெட் மாட்டினால், பானெட்டில் குறைந்த எடை மட்டுமே குறையும். பிரேக் தானாகச் சிறுக்காது. உறுப்புகள் படிப்படியான அளவுகளில்தான் கிடைக்கின்றன. எஞ்சினும் அடித்தளமும் (பிளாட்ஃபாரம்) முடிவாகிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். அடித்தளத்தையே மாற்றினால்தான் பலன் முழுதாக வரும். 2016 கமாரோ புதிய அடித்தளத்துக்கு மாறியபோது உடற்சட்டகத்தில் மட்டும் 60 கிலோ குறைந்தது. எஸ்எஸ் வகையில் மொத்தக் குறைவு சுமார் 100 கிலோ.

---

மறுமடல்

நானும் கூட்டெடையைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு சிக்கல் மிச்சம். 2024 டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா மின்சாரக் கார், 100.5 கிலோவாட்-மணி பற்றரி, சுமார் 2,650 கிலோ. அந்தப் பற்றரி முதலெடையா, வழியெடையா?

---

மறுமடல்

இரண்டும். இலக்காக வைத்த தூரத்தை இலேசான கார் ஒன்று ஓட எவ்வளவு பேட்டரி வேண்டுமோ அது முதலெடை. பேட்டரியும் அதைக் காக்கும் கூடும் கனத்த டயரும் சேர்ந்த பிறகு, அதே தூரத்துக்குக் கூடுதலாக வேண்டிய செல்கள் வழியெடை. பெட்ரோல் காரில் கூடுதல் தூரத்துக்குச் சில லிட்டர் ஊற்றினால் போதும், ஓடஓட அதுவும் கரையும். பேட்டரி தீர்ந்தாலும் எடை குறையாது. பதிவில் இப்படிப் போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

வழியெடை: வாகனத்தின் ஓர் உறுப்பில் ஏறிய எடையைத் தாங்கவோ இயக்கவோ நிறுத்தவோ பிற உறுப்புகளில் ஏறும் எடை. அலகு கிலோ. ஒரே உறுப்பில் முதலெடையும் வழியெடையும் கலந்திருக்கலாம்.