குவார்ட்ஸைட் ஜனவரி சந்தை: ஆர்.வி.யில் 10 நாள், எங்கே நிறுத்துவது?

மணல்மேடு (கேள்வி):
ஜனவரி பின்பாதியில் அரிசோனா குவார்ட்ஸைட்டில் ஆர்.வி. (வீட்டு வசதியுள்ள வண்டி) ஷோவும் ரத்தினக்கல் சந்தைகளும் நடக்கும்போது 10 நாள் தங்க எண்ணம். 28 அடி கிளாஸ் சி (வேன் முகப்பில் கட்டிய நடுத்தர ஆர்.வி.), வாடகை வண்டி. பெரியவர்கள் 2, பிள்ளைகள் 2. நல்ல தண்ணீர் 40 கேலன், கிரே (குளியல், பாத்திரக் கழிவுநீர்) டாங்க் 30, பிளாக் (டாய்லெட் கழிவு) 30. 100 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று, ஜெனரேட்டர் உண்டு, சோலார் இல்லை. கூட வேறு காரும் இல்லை. பி.எல்.எம். (மத்திய அரசின் நில நிர்வாகத் துறை) நிலத்தில் 14 நாள் இலவசம் என்றால், அதே துறையின் லா போசா முகாமில் ஏன் காசு கட்டி நிற்கிறார்கள்? இரவுக் குளிருக்கு இந்த பேட்டரி தாங்குமா?

ஓடைக்கரை:
கார் இல்லை என்றீர்களே, அதிலேயே முடிவு இருக்கிறது. இலவச இடங்களில் பிளோமோசா ரோடு ஊருக்கு வடக்கே, டோம் ராக் மேற்கே, ஐ-10 எக்ஸிட் 11 பக்கம். அங்கே நின்றால் சந்தைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வீட்டையே மூட்டை கட்டி ஓட்ட வேண்டும். ஷோ நாட்களில் 28 அடி வண்டிக்கு ஊருக்குள் பார்க்கிங் தேடுவது தலைவலி. பெரிய கூடாரம் ஐ-10க்குத் தெற்கே, யு.எஸ். 95 ஓரம். லா போசாவும் அதே சாலையில் இன்னும் தெற்கே. லா போசா நார்த்தில் நின்றால் சைக்கிள் போதும்.

லா போசா எல்.டி.வி.ஏ. (நீண்ட நாள் தங்க விடும் பகுதி). அதன் சீசன் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. முழு சீசன் பர்மிட் 180 டாலர், தொடர்ந்து 14 நாளுக்கு 40 டாலர். அந்த 40 டாலருக்குள் லா போசா சவுத்தில் குடிநீர், டம்ப் ஸ்டேஷன் (கழிவு டாங்க்கைக் காலி செய்யும் இடம்), குப்பை போட இடம் எல்லாம் அடக்கம். இலவச நிலத்தில் இவை எதுவும் இல்லை, டம்ப்புக்கும் தண்ணீருக்கும் ஊருக்குள் காசு கொடுக்க வேண்டும். 10 நாளில் இரண்டு மூன்று தடவை போனால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இருட்டில் 'வாஷ்' எனப்படும் வறண்ட ஓடைப்படுகை தெரியாது. மணல் மெத்தென்று இருக்கும், பின் சக்கரம் புதையும். தொலைவில் மலையில் மழை பெய்தாலும் அதில் வெள்ளம் வரும். கறுத்த சிறுகற்கள் இறுகப் பதிந்த தரைதான் நிறுத்த ஏற்றது. பக்கத்து வண்டிக்குக் குறைந்தது 15 அடி விட வேண்டும்.

பன்னிரண்டு_வோல்ட்:
பேட்டரி தாங்காது. கணக்கு இதுதான். ஜனவரி இரவு 4-5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும், சில நாள் உறைநிலைக்கும் போகும். ஃபர்னஸ் (கேஸ் ஹீட்டர்) ஃபேன் 7 முதல் 8 ஆம்ப் இழுக்கும். மாலை 6 முதல் காலை 7 வரை பாதி நேரம் ஓடினாலே சுமார் 49 ஆம்ப்-அவர். லெட்-ஆசிட்டில் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது, ஆக உங்களிடம் இருப்பதே 50. இதற்குமேல் விளக்கு, பம்ப், ஃப்ரிட்ஜ் வேறு.

விடியற்காலையில் என்ன ஆகும் என்றால், வோல்டேஜ் விழுந்து ஃபேன் மெதுவாகச் சுற்றும். காற்று போதாமல் ஃபர்னஸுக்குள் இருக்கும் செயில் ஸ்விட்ச் மூடாது, அது மூடாமல் பர்னர் பற்றாது. குளிர்காற்றை ஊதியபடியே மீதி சார்ஜையும் ஃபேன் தின்றுவிடும். பலர் கேஸ் தீர்ந்தது என்று நினைத்து சிலிண்டரை முறைத்துக்கொண்டிருப்பார்கள்!

தெர்மோஸ்டாட்டை இரவில் 55 ஃபாரன்ஹீட்டில் வைத்து, கனத்த போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். லா போசாவில் இரவு 10 முதல் காலை 6 வரை ஜெனரேட்டர் ஓட்டக்கூடாது. அதனால் இரவு 7:30 முதல் 9:30 வரை ஓட்டி, இரவுக்குள் நுழையும்போது பேட்டரியை ஏற்றிவையுங்கள். காலையில் இன்னொரு மணி நேரம். பெட்ரோல் மணிக்கு அரை கேலன் அளவில் போகும். வண்டியின் பெட்ரோல் டாங்க் கால்பங்குக்கு வந்ததும் ஜெனரேட்டர் தானே நின்றுவிடும், ஓட்டிச்செல்ல மிச்சம் இருக்கட்டும் என்று அப்படித்தான் குழாய் வைத்திருப்பார்கள். வாடகைக்காரர் ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் பணம் வாங்குவாரா என்று முன்பே கேளுங்கள்.

உரிமையாளர் ஒப்புக்கொண்டால் 200 வாட் மடக்கு சோலார் நல்லது. டிசம்பர் கடைசியில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும், ஜனவரியிலும் பெரிதாக மாறாது. தரையில் படுக்கப்போட்டால் விளைச்சல் ஏறக்குறைய பாதி. தெற்கு நோக்கி 55 டிகிரி நிமிர்த்துங்கள்.

ஓடைக்கரை:
கேஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30,000 பி.டி.யு. ஃபர்னஸ் மணிக்கு 1.4 பவுண்ட் புரொபேன் எரிக்கும். கிளாஸ் சி கேஸ் டாங்க்கைக் கழற்ற முடியாது, நிரப்ப வண்டியையே கொண்டுபோக வேண்டும். டம்ப் போகும் நாளிலேயே அதையும் முடியுங்கள்.

கிரே_டாங்க்:
நான்கு பேருக்கு முதலில் நிரம்புவது கிரேதான், மூன்றாம் நாளே. சாம்பார் சட்டியைக் கழுவும் முன் பேப்பரால் துடையுங்கள். பாத்திரம் பேசினில் கழுவி, அந்தத் தண்ணீரை வடிகட்டி டாய்லெட்டில் ஊற்றலாம். பிளாக் மெதுவாகத்தான் நிரம்பும், கூடுதல் தண்ணீர் அதற்கும் நல்லது. தரையில் கிரே ஊற்றினால் அபராதம். சக்கரம் வைத்த நீல டம்ப் டாங்க் வாங்காதீர்கள், 25 கேலன் நிரம்பினால் 200 பவுண்டுக்குமேல், இழுக்க உங்களிடம் கார் இல்லை. 6 கேலன் கேன் இரண்டு போதும்.

டம்ப் ஸ்டேஷனுக்கு அதிகாலை போங்கள், ஷோ வார இறுதியில் வரிசை நீளம்.

தோசை மாவு இரவில் புளிக்காது, ஜெனரேட்டர் ஓடும்போது அதன் மேல்தளத்துச் சூட்டில் வையுங்கள். பிள்ளைகளுக்கு சோயா (cholla) எனும் கள்ளியின் முள் ஏறினால் கையால் பிடுங்கக்கூடாது, சீப்பை நுழைத்துத் தட்டிவிடுங்கள்.

மணல்மேடு:
14 நாள் பர்மிட்டே எடுக்கிறேன். ஆனிங்கை (வண்டிப் பக்கத்தில் விரியும் துணிப்பந்தல்) இரவில் விரித்தே விடலாமா?

பன்னிரண்டு_வோல்ட்:
கூடாது. பகலில் வெளியே போனாலும் சுருட்டிவிடுங்கள். காற்று திடீரென எழும்பினால் அதன் தாங்கு கைகளோடு முறித்துக் கூரைமேல் புரட்டிவிடும், அந்தச் செலவு உங்கள் டெபாசிட்டில் போகும்.