ஒரே நாள்ல வெட் ஃபெல்டிங்கும் நீடில் ஃபெல்டிங்கும் சேர்த்து சொல்லித்தரலாமா? முதல் ஒர்க்‌ஷாப்புக்கு யோசனை வேணும்

நூல்கண்டு_கோவை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர்ல குரோஷே கிளாஸ் எடுத்துட்டு இருக்கேன், கூடவே சில வருஷமா ஃபெல்டிங்கும் பண்றேன், அதாவது கம்பளி இழையை நெய்யாம ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சு துணி, பொம்மை செய்றது, சோப்புத் தண்ணில பண்ற வெட், ஊசியால குத்திப் பண்ற நீடில் ரெண்டுமே. என் கிளாஸ்க்கு வர்றவங்க நான் செஞ்ச குருவி பொம்மை, கிண்ணம் எல்லாம் பாத்துட்டு இதையும் சொல்லிக்குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் ஒரு ஹால் கிடைக்குது, பத்து பேர் வரைக்கும் வருவாங்க, யாரும் இதுக்கு முன்னாடி கம்பளியை கையில தொட்டதில்ல.
என் பிளான் என்னன்னா முதல் பாதில சோப்புத் தண்ணி வச்சு ஒரு சின்ன கிண்ணம், ரெண்டாவது பாதில ஊசி வச்சு ஒரு குருவி. ரெண்டையும் காட்டிட்டா அவங்களுக்கு எது பிடிக்குதோ அதுல மேல போகலாம்ல? எந்த உல் (கம்பளி) வாங்கணும், எவ்ளோ வாங்கணும், ஃபீஸ் எப்படி வைக்கிறது, குழந்தைங்களை சேர்க்கலாமா, இதெல்லாம் குழப்பமா இருக்கு. ஏற்கனவே கிளாஸ் எடுத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

யார்க்‌ஷயர்_தமிழச்சி:
வாழ்த்துகள்மா! நம்ம ஊர்ல இதை சொல்லிக்குடுக்க ஆள் வர்றதே எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கு. நான் இங்க இங்கிலாந்துல லீட்ஸ் பக்கம் ரொம்ப நாளா கிளாஸ் எடுக்கறேன், அதனால நேரா சொல்லிடறேன், மூணு மணி நேரத்துல ரெண்டும் வேண்டாம். புதுசா வர்றவங்களுக்கு கிண்ணம் மட்டுமே மூணு மணி நேரம் இழுக்கும், குருவியும் அப்படித்தான், உடம்பு கெட்டியாகறதுக்குள்ளயே பாதி நேரம் போயிடும். ரெண்டையும் திணிச்சா ஒரு லொடலொட கிண்ணமும் ஒரு பஞ்சு உருண்டையும்தான் வீட்டுக்கு எடுத்துட்டு போவாங்க, ஃபெல்ட்னா இப்படித்தான் தொளதொளன்னு இருக்கும்போலன்னு மனசுல பதிஞ்சிடும், அது நாம அவங்களுக்கு பண்ற அநியாயம். முதல் கிளாஸ்ல அவங்க கை தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, எப்போ இது வெறும் கம்பளியா இருக்கு, எப்போ துணியா மாறிடுச்சுங்கறது. அது தெரிஞ்சிட்டா மீதியை வீட்லயே பண்ணிக்குவாங்க.

வெட் ஃபெல்டிங் எடுக்கறதா இருந்தா ஆரம்பத்துல ஒரு அஞ்சு நிமிஷம் ஏன் ஒட்டுதுன்னு சொல்லிடுங்க. எல்லாரையும் அவங்க தலைமுடி ஒண்ணை எடுத்து ரெண்டு விரல்ல பிடிச்சு வேர்ல இருந்து நுனிக்கு உருவச் சொல்லுங்க, வழுக்கிட்டு போகும். நுனில இருந்து வேருக்கு உருவினா சொரசொரன்னு இருக்கும். முடி மேல ஓடு வேஞ்ச மாதிரி செதில் இருக்கு, ஆட்டுக் கம்பளில அது இன்னும் நல்லா தூக்கிட்டு நிக்கும், வெந்நீரும் சோப்பும் பட்டா செதில் விரியும், கையால தேய்ச்சா ஒவ்வொரு இழையும் வேர்ப்பக்கமா நகர்ந்து நகர்ந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துக்கும், திரும்பி வர வழியில்ல. இது புரிஞ்சவங்க அதுக்கப்புறம் ஏன் குறுக்கும் நெடுக்குமா அடுக்கறோம்னு கேக்கவே மாட்டாங்க.

முதல் வேலைக்கு கிண்ணம் வேண்டாம், டீ கப் வைக்கிற சதுர மேட் போதும். முப்பது சென்டிமீட்டர்க்கு முப்பது அடுக்கச் சொல்லுங்க, முடியும்போது இருபதுக்கு வந்து நிக்கும், மூணுல ஒரு பங்கு சுருங்குதுங்கறதை அளவுகோல் வச்சே காட்டிடலாம். அடுக்கறது மெல்லிசா மெல்லிசா, நாலு அடுக்கு, ஒவ்வொண்ணும் முன்னதுக்கு குறுக்க. மேல கொசுவலை, அதுமேல சோப்புத் தண்ணி தெளிச்சு உள்ளங்கையால முதல்ல அழுத்த மட்டும்தான், அவசரப்பட்டு தேய்ச்சா அடுக்கு கலைஞ்சு நடுவுல ஓட்டை விழும். அப்புறம் மெதுவா தேய்க்கிறது, அப்புறம் பபிள் ராப்ல சுருட்டி உருட்டறது, ஒவ்வொரு நூறு உருட்டுக்கும் பிரிச்சு திசையை மாத்தணும், எந்தத் திசைல உருட்டறோமோ அந்தத் திசைலதான் சுருங்கும். நடுநடுவுல விரலால கிள்ளிப் பாக்கச் சொல்லுங்க, இழை தனியா தூக்கிட்டு வந்தா இன்னும் ஆகல, மொத்தத் துணியும் சேர்ந்து வந்தா ஒட்டிடுச்சு. இந்தக் கிள்ளிப் பாக்கறதை நீங்க சொல்லாம அவங்களே செய்ற அளவுக்கு வந்துட்டா உங்க கிளாஸ் ஜெயிச்சிருச்சு.

பட்டறை_பாண்டி:
அக்கா சொன்னதுல எனக்கு ஒரு சின்ன கருத்து வேறுபாடு. ஒரே நாள்ல வேண்டாம்ங்கறது சரி, ஆனா ரெண்டையும் பிரிச்சே வைக்கணும்னு இல்ல, சனி ஞாயிறு ரெண்டு அரை நாள் வச்சா அழகா சேரும். சனிக்கிழமை வெட் ஃபெல்டிங்ல மேட், ராத்திரி காயட்டும், ஞாயித்துக்கிழமை அந்த மேட் மேலயே ஊசியால பூ, இலை, பேரோட முதல் எழுத்து இப்படி ஏதாவது. ஈரத்துல ஊசி போட்டா துருப்பிடிக்கும், அதனால காஞ்சே ஆகணும், ரெண்டு நாள் வைக்கிறதுக்கு அதுவே காரணம். தட்டையா வேலை செய்யும்போதே ஊசியோட பழக்கம் கைக்கு வந்துடும், உருட்டி பொம்மை செய்றது மூணாவது கிளாஸ்.

நான் சென்னைல வேற வேற கிராஃப்ட் கிளாஸ் நடத்தறேன், ஹால் சம்பந்தமா ரெண்டு விஷயம். ஒண்ணு ஃபேன். உல் அடுக்கும்போது ஃபேன் ஓடுச்சுன்னா மொத்தமும் பறந்து அடுத்தவங்க டேபிள்ல கிடக்கும், ஃபேன் இல்லாம நம்ம வெயில்ல மூணு மணி நேரம் வெந்நீர்ல கை வச்சுட்டு உக்காரவும் முடியாது, அதனால ஏசி ஹாலா பாருங்க இல்லனா காலைல சீக்கிரமே அடுக்கற வேலையை முடிச்சு நனைச்சிடுங்க, நனைஞ்சதுக்கப்புறம் ஃபேன் போட்டுக்கலாம். ரெண்டு தண்ணி. இங்க போர் தண்ணில சோப்பு நுரையே வராது, வெள்ளையா திரிஞ்சு உல் மேல படியும், நான் கேன் தண்ணிதான் வாங்கறேன். உங்களுக்கு சிறுவாணித் தண்ணி வந்தா அந்தக் கவலையே இல்ல, குடுத்து வச்சவங்க. சோப்பு துணி பவுடர் வேண்டாம், தேங்காய் எண்ணெய்ல செஞ்ச சோப்பை சீவி வெந்நீர்ல கரைச்சுக்கோங்க, கை எரியாது. நுரை பொங்கி வழியணும்னு அவசியமில்ல, நுரை ஜாஸ்தியானா இழை வழுக்கிட்டே இருக்கும், ஒட்டாது. கடைசில நல்லா அலசி, ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு முக்கி எடுத்தா மிச்ச சோப்போட காரம் போயிடும்.

ஃபீஸ் விஷயம், பொருள் செலவை தனியா எழுதுங்க, அதுல நீங்க சாம்பிள் செஞ்ச உல், உடையப் போற ஊசி, ஹால் வாடகை எல்லாம் வரணும், அதுக்கு மேல உங்க நேரத்துக்குன்னு ஒரு தொகை வைங்க, கிளாஸ்க்கு முன்னாடி உல் எடை போட்டு பாக்கெட் கட்ற நேரமும் அதுல சேர்த்தி. தெரிஞ்சவங்கதானேன்னு பொருள் காசுக்கே எடுக்காதீங்க, அடுத்து எடுக்க வர்றவங்களுக்கும் அதுவே ரேட்டாயிடும்.

கொடைமலை_குமார்:
உல் பத்தி நான் சொல்றேன். முதல்ல ஒரு விஷயம், ஊர்ல ஆடு வளர்க்கறவங்ககிட்ட சும்மா வாங்கிக்கலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் இதெல்லாம் மேல முடி இருக்கிற ஆடு, கம்பளி ஆடு இல்ல, அதை வச்சு ஃபெல்ட் பண்ண முடியாது. நம்ம மாநிலத்துல நல்ல கம்பளின்னா நீலகிரி ஆடுதான், அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் கொண்டு வந்த மெரினோ மாதிரி சீமை ஆடுகளையும் கோயம்புத்தூர் ஆட்டையும் கலந்து வந்த இனம், ஊட்டி பக்கத்துல சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்துல வளர்க்கறாங்க. எங்க கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க பாரத் மெரினோங்கற கம்பளி ஆடு வளர்க்கறாங்க. ராஜஸ்தான்ல அவிகாநகர்ல 1962ல ஆரம்பிச்ச நிறுவனத்தோட தென்னக கிளை அது. ஆனா ஆட்டு மேல இருந்து வெட்டின கம்பளில எண்ணெய்ப் பிசுக்கு, முள்ளு, புழுக்கை எல்லாம் இருக்கும், தேய்க்காம வெந்நீர்ல ஊற வச்சு ஊற வச்சு அலசணும், அப்புறம் கார்டிங் பிரஷ்ல சீவணும், முதல் கிளாஸ்க்கு அந்த வேலைல இறங்காதீங்க. பின்னாடி நிதானமா பண்ணுங்க, நம்ம மலைக் கம்பளில நம்ம ஆளுங்க ஃபெல்ட் பண்றதைப் பாக்க எனக்கு ரொம்ப ஆசை.

இப்போதைக்கு வெட் ஃபெல்டிங்க்கு மெரினோ ரோவிங், அதாவது சீவி நீளக் கயிறு மாதிரி விட்ட மெரினோ கம்பளி, இழையோட தடிமன் 19ல இருந்து 23 மைக்ரான் வரைக்கும், சாயம் போட்டே ஆன்லைன்ல கிடைக்குது. பொம்மைக்கு உள்ள வைக்க அதே மெரினோவை போட்டா காசும் வீண், நேரமும் வீண், இழை நீளமா வழவழன்னு இருக்கறதால கெட்டியாகவே நாளாகும். அதுக்கு கோர் உல்னு கொஞ்சம் தடிச்ச, சீவி விட்ட கம்பளி வாங்குங்க, மேல மட்டும் மெரினோ. வாங்கும்போது சூப்பர்வாஷ்னு போட்டிருந்தா தொடாதீங்க, செதிலை குளோரின்ல மழுக்கி மேல பிசின் பூசினது, எவ்ளோ தேய்ச்சாலும் ஒட்டாது. அக்ரிலிக் நூலும் தண்ணில ஒட்டாது. அளவுக்கு, சதுர மேட்டுக்கு ஆளுக்கு இருபது கிராம் எடை போட்டு குடுங்க, கைக்குள்ள அடங்கற குருவிக்கு பத்து பதினஞ்சு கிராம் போதும், இதுக்கு மேல கால் பங்கு எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க, கலர் மாத்தி கேக்கறவங்க கண்டிப்பா இருப்பாங்க.

நூல்கண்டு_கோவை:
எல்லாருக்கும் எவ்ளோ நன்றி சொல்றதுன்னே தெரியல. பாண்டி அண்ணா சொன்ன சனி ஞாயிறு ஐடியா மனசுக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ஹால்ல கேட்டுட்டேன், ரெண்டு நாளும் காலைல குடுக்கறாங்க. இப்போ ஊசி பத்தி மட்டும் பயமா இருக்கு. ஒருத்தங்க எட்டு வயசுப் பொண்ணை கூட்டிட்டு வரலாமான்னு கேட்டாங்க, இன்னொரு அம்மாவுக்கு சுகர் இருக்கு. எந்த நம்பர் ஊசி குடுக்கறது?

யார்க்‌ஷயர்_தமிழச்சி:
எட்டு வயசுக்கு ஊசி வேண்டாம்மா, என் கிளாஸ்ல பன்னெண்டு வயசுக்கு கீழ ஊசி கிடையாது, அதுவும் அம்மாவோ அப்பாவோ பக்கத்துல உக்காந்தாதான். சனிக்கிழமை மட்டும் வரச் சொல்லுங்க, சோப்புத் தண்ணில அவ்ளோ ஜாலியா செய்வாங்க. ஒரு குளியல் சோப்பைச் சுத்தி கம்பளி போட்டு அதையே தேய்க்க விடுங்க, அரை மணி நேரத்துல சோப்புக்கு சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கும், குழந்தைங்களுக்கு அதைவிட நல்ல முதல் வேலை இல்ல. சுகர் இருக்கற அம்மாவுக்கும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் ஊசி வேலை வேண்டாம்னு பதிவு பண்ணும்போதே சொல்லிடுங்க, அங்க வந்து பத்து பேர் முன்னாடி சொன்னா சங்கடப்படுவாங்க. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு சோப்புத் தண்ணி வேலையே இன்னொண்ணு தயாரா வைங்க, கம்பளி மணி உருட்டி மாலை கோக்கலாம்.

ஊசி நம்பர் ஏற ஏற மெல்லிசாகும். 36 வேகமா உள்ள இழுக்கும், உருவம் கொண்டு வர்றதுக்கு. 38 எல்லாத்துக்கும் பொது. 40 கடைசில மேல்பக்கத்தை மழமழன்னு ஆக்கறதுக்கு. உங்க கிளாஸ்க்கு ஆளுக்கு ஒரு 38, ஒரு 40, தலைப்பக்கம் வேற வேற கலர் நெயில் பாலிஷ் வச்சு குடுத்தா குழப்பம் வராது. ஊசியோட பக்கவாட்டுல கீழ பாத்த மாதிரி சின்னச் சின்ன வெட்டு இருக்கும், அதுதான் இழையை உள்ள இழுத்துட்டு போகுது, அதனால உள்ள போன கோணத்துலயே வெளிய வரணும், உள்ள இருக்கும்போது நெம்பினா படக்குன்னு உடையும். அடியில தடிமனான ஃபோம் வைங்க, இல்லனா சாக்குத் துணில அரிசி நிரப்பித் தைச்ச பை வைங்க, ஃபோம் மாதிரி துகள் உதிராது. பிடிக்கிற கை விரலுக்கு தோல் உறை. பேசறதுன்னா ஊசியை கீழ வச்சுட்டு பேசணும், இதை ஆரம்பத்துலயே ஒரு சட்டமா சொல்லிடுங்க, கைல ஊசியோட நிமிர்ந்து பாக்கற அந்த ஒரு நொடிலதான் குத்திக்குவாங்க.

பட்டறை_பாண்டி:
ஊசியை எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குங்க. உடைஞ்சா உடைஞ்ச நுனியும் கைக்கு வந்தாகணும், கிடைக்கலன்னா ஒரு காந்தத்தை அந்த வேலை மேலயும் டேபிள் மேலயும் ஓட்டுங்க, இரும்புங்கறதால ஒட்டிக்கும். அப்படியும் கிடைக்கலன்னா அந்த மேட்டை யார் கைக்கும் குடுக்காதீங்க, புதுசா ஒண்ணு குடுத்துடுங்க. குத்தின இடத்தை கழுவ தண்ணி, டெட்டால், பிளாஸ்திரி பக்கத்துலயே இருக்கட்டும், டிடி ஊசி போட்டு எவ்ளோ நாளாச்சுன்னும் கேட்டு வைங்க. பத்து பேருக்கு நீங்க ஒரே ஆள்னா கஷ்டம், குரோஷே கிளாஸ்ல நல்லா கத்துக்கிட்ட ஒருத்தரை உதவிக்கு வைங்க, இல்லனா எட்டு பேரோட நிறுத்திக்கோங்க.

கொடைமலை_குமார்:
இன்னொண்ணு, கிளாஸ் நடுவுல டீ பிரேக்ல காட்டறதுக்கு சில படம் எடுத்துட்டு போங்க. சைபீரியால அல்தாய் மலைல பஸிரிக்ங்கற இடத்துல பழங்காலக் கல்லறைல பனில உறைஞ்சு கெடாம இருந்த ஃபெல்ட் சாமான்கள் இருக்கு, 2,000 வருஷத்துக்கு மேல பழசு, அதுல ஃபெல்ட்ல செஞ்சு உள்ள திணிச்ச அன்னப்பறவைகூட இருக்கு, இப்போ ரஷ்யால ஹெர்மிட்டாஜ் மியூசியத்துல வச்சிருக்காங்க. கிர்கிஸ்தான்காரங்களோட ஷிர்டாக், அலா கியிஸ்ங்கற ஃபெல்ட் விரிப்புகளை 2012ல யுனெஸ்கோ அவசரமா பாதுகாக்க வேண்டிய பட்டியல்ல சேர்த்தாங்க. நம்ம நாட்டுலயே காஷ்மீர் நம்தாங்கற ஃபெல்ட் விரிப்பு இருக்கு, அதுவும் இதே கம்பளி, இதே தண்ணி, இதே உருட்டல்தான். இது ஏதோ போன வருஷம் இன்ஸ்டாகிராம்ல வந்த பொழுதுபோக்குன்னு யாரும் நினைச்சிடக் கூடாது.

நூல்கண்டு_கோவை:
கண்டிப்பா காட்டறேன் அண்ணா. எட்டு பேர்னு முடிவு பண்ணிட்டேன், உதவிக்கு என் பழைய ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு வர்றா. உல் வந்ததும் அந்த உல்லை வச்சே முப்பதுக்கு முப்பது ஒரு சாம்பிள் செஞ்சு எவ்ளோ சுருங்குதுன்னு அளந்து இங்கயே போடறேன்.

யார்க்‌ஷயர்_தமிழச்சி:
செய்ங்கமா. ஒண்ணு இல்ல, மூணு செய்ங்க. ஒண்ணை அடுக்கி நனைச்சதோட நிறுத்துங்க, இன்னொண்ணை தேய்ச்சு ஒட்டினதோட நிறுத்துங்க, மூணாவதை முழுசா உருட்டி சுருக்குங்க. மூணையும் டேபிள்ல வரிசையா வச்சு எல்லாரையும் கிள்ளிப் பாக்க விடுங்க.