ஷாக் கார்டுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

ஆசிரியை, டெக்சஸ் | செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் நிலைப் பிள்ளைகள் 23 பேர் சேர்ந்து ஒரு ராக்கெட் கிட் கட்டுகிறார்கள். கைக்கடக்கமான பொம்மை இல்லை. 2.6 அங்குலக் குழாய், ஒட்டுப்பலகைத் துடுப்புகள், 29 மில்லிமீட்டர் மோட்டார். செய்முறைத் தாளைத் தமிழில் தருகிறேன் என்று நானே வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வெள்ளி இரவு அச்சு.

முக்கால்வாசி முடிந்தது. நோஸ் கோன் மூக்குக்கூம்பு ஆயிற்று. பாராசூட் பாராசூட்டாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இடித்துக்கொண்டு நிற்பது ஷாக் கார்டு. பார்த்திராதவர்களுக்கு: ராக்கெட் உச்சிக்குப் போனதும் மோட்டாரின் தலைப்பக்கம் இருக்கும் கொஞ்சம் கருமருந்து வெடித்து, மூக்குக்கூம்பை வெளியே தள்ளும். கூடவே பாராசூட்டும் வரும். அப்போது கூம்பு ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம் என்று போய்விடாமல் இரண்டையும் பிடித்துவைக்கிற நீளக் கயிறுதான் இது.

'அதிர்ச்சிக் கயிறு' என்று எழுதியிருந்தேன். ஒரு பையன், "டீச்சர், தொட்டா ஷாக் அடிக்குமா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராக்கெட்டைப் பற்றவைப்பது 12 வோல்ட் பேட்டரி. ஒயரும் பக்கத்திலேயே கிடக்கும். எது கயிறு, எது ஒயர் என்று பிள்ளைகளுக்குக் குழப்பம் வரக் கூடாது.

14ஆம் படி இது: "மூக்குக்கூம்பின் வளையத்தில் ________ நுழைத்து முடிச்சுப் போடவும்." கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர் | புதன் காலை

அம்மா, தாம்பு என்று ஒரு சொல் இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? மதுரகவியாழ்வார் 'கண்ணிநுண் சிறுத்தாம்பினால்' என்று தொடங்குகிறாரே, முடிச்சுகள் உள்ள, நுண்ணிய, சிறிய கயிறு. ஓடுகிற ஒன்றை ஓடவிடாமல் நிறுத்த யசோதை எடுத்தது. உங்கள் கயிற்றுக்கு இதைவிட இலக்கணம் யார் சொல்ல முடியும்? 'சிறுதாம்பு' என்று வையுங்கள். பாசுரத்தில் த் மிகுந்திருப்பது ஓசைக்காக வந்த விரித்தல் விகாரம். செய்முறைத் தாளுக்கு அது வேண்டாம்.

தனித்தமிழன், சேலம் | புதன் மாலை

ஐயா பொறுத்தருள்க. தாம்பு வடமொழித் தாமத்தின் பிள்ளை. தாமோதரன் (வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன்) என்ற பெயரிலேயே சாட்சி இருக்கிறது. அதை ஏழாம் நிலைப் பிள்ளைகளின் தலையில் கட்ட வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று. அம்மையார் கடிதத்தில் ராக்கெட், கிட், மோட்டார், பேட்டரி, ஒயர். கடைசியில் வரும் ஒரு கயிற்றுக்கு மட்டும் தமிழ் தேடுகிறார். ராக்கெட் ஏவூர்தி. 'ஏ' என்றால் அம்பு. ஏவு, ஏவல், ஏகலை எல்லாம் அந்த ஓரெழுத்தின் குடும்பம். அம்பு என்று ஆனபின் கயிற்றுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை: நாண். ஞாண் என்பது மூலம். அரைஞாணில் இன்றும் இருக்கிறது. 'அதிர்வுதாங்கு நாண்' என்பது என் பரிந்துரை.

பொறியாளர், கொலராடோ | புதன் இரவு

நான் இந்தப் பொழுதுபோக்கில் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பணத்தைக் கரைக்கிறவன். சொல்லாராய்ச்சி தெரியாது. ஆனால் அந்தக் கயிறு என்ன செய்கிறது என்று தெரியும்.

முதலில், நாண் என்றாலே இழுத்துக் கட்டியது. இது தொளதொளவென்று கிடக்க வேண்டியது. ராக்கெட் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். நான் நாலு, ஐந்து மடங்கு வைப்பேன். ரப்பர் நாடா குட்டையாக இருந்தால் கூம்பு வேகமாகப் போய், அதே வேகத்தில் திரும்பி வந்து சொந்தக் குழாயின் மண்டையிலேயே குட்டும். குழாயின் விளிம்பில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும்.

இரண்டாவது, இந்தக் கிட்டில் வருவது கெவ்லார் (செயற்கை இழைக் கயிறு) என்றால் அது அதிர்வைத் தாங்குவதே இல்லை. கெவ்லார் நீளாது. சூட்டுக்கு அசையாது என்பதால்தான் அதை மோட்டார்ப் பக்கம் கட்டுகிறோம். ஷாக் கார்டு என்ற ஆங்கிலப் பெயர் ரப்பர் கயிறு காலத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆங்கிலத்திலேயே தப்பாகிப்போன பெயரை நாம் ஏன் சொல்லுக்குச் சொல் தமிழாக்க வேண்டும்? வேகத்தைக் குறைப்பது நீளம்தான். கயிற்றை விசிறி மாதிரி மடித்து, அங்கங்கே காகித டேப்பால் சுற்றிவிட்டால் ஒவ்வொரு கட்டாகப் பிய்ந்து வேகம் அடங்கும். அம்மா, இதையும் தாளில் சேருங்கள்.

என் கதை ஒன்று. மோட்டாரின் மேல் எஃப்67-6 என்று போட்டிருந்தால் எஃப் என்பது மொத்த உந்தம் 40க்கு மேல் 80 நியூட்டன்-விநாடி வரை என்று அர்த்தம். அடுத்த எழுத்து ஜி, அதற்கு இரட்டிப்பு. 67 சராசரி உந்துவிசை, நியூட்டனில். 6 என்பது எரிந்து முடிந்தபின் கருமருந்து வெடிக்கும்வரை காத்திருக்கும் விநாடி. நான் 6 போட வேண்டிய இடத்தில் 9 போட்டேன். ராக்கெட் உச்சியைத் தாண்டி, தலைகீழாகி, நன்றாக வேகம் பிடித்தபிறகுதான் பாராசூட் வந்தது. மெல்லிய கெவ்லார், வாழைமட்டையைக் கிழிக்கிற மாதிரி அட்டைக் குழாயை ஒன்றரை அடிக்குக் கீறிக்கொண்டு போயிற்று. இதற்கு ஆங்கிலத்தில் 'ஜிப்பர்' என்று பெயர். அதற்கும் தமிழ் கேட்டுவிடாதீர்கள்.

பேராசிரியர், தஞ்சாவூர் | வியாழன் அதிகாலை

சேலத்து நண்பருக்கு. சில சொற்களில் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பது பத்திரம் எழுதி வைத்த சமாச்சாரம் இல்லை. தாம்பே வடசொல் என்று வைத்துக்கொண்டாலும் என்ன? 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியர் எச்சவியலில் சொல்லிவிட்டார்: காலத்துக்குப் பொருந்தினால் விலக்க வேண்டிய சொல் என்று ஒன்றில்லை. (நன்னூலின் 'பழையன கழிதலும்' வேண்டாம். இந்தக் குழுவில் அதை மேற்கோள் காட்டாதவர் பாக்கியில்லை.)

ராக்கெட்டுக்கு ஏவூர்தி எதற்கு? வாணம் என்று பாமரரும் சொல்கிறார்களே. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர்ப் போரில் மைசூர்ப் படை ஆங்கிலேயர்மேல் விட்டதும் வாணம்தான். இரும்புக் குழாயை மூங்கிலோடு தோல்வாரால் இறுகக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று யாராவது ஆராய்ந்தால் நம் வேலை மிச்சம்.

தனித்தமிழன், சேலம் | வியாழன் காலை

வாணம் பாணத்தின் திரிபு. மேலும் அந்த வாணம் திரும்பி வரவேண்டியது இல்லை. கட்டின் பெயர் கிடைத்தாலும் நமக்கு உதவாது.

பேராசிரியர், தஞ்சாவூர் | வியாழன் காலை

சரி, தாம்பு வேண்டாம். தும்பு? 'தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே' என்கிறோம். தும்பு விட்டால் மாடு போச்சு. இங்கே ராக்கெட் போச்சு. பழமொழியே பாதுகாப்பு விதியாக நிற்கிறது.

அக்கா, டொராண்டோ | வியாழன் மதியம்

ஐயா, எங்கட பக்கம் தும்பு எண்டால் தேங்காய்த் தும்பு. தும்புத்தடி எண்டால் கூட்டுகிற தடி. இந்தத் தாளை இங்குள்ள பள்ளியிலும் கேட்டிருக்கினம். 'வளையத்தில் தும்பு நுழைக்கவும்' எண்டு போட்டால் பிள்ளையள் பொச்சுமட்டையைக் கொண்டுவந்து அடைப்பினம். பிறகு தீப்பிடிக்கும்.

விவசாயி, பொள்ளாச்சி | வியாழன் இரவு

எனக்கு ராக்கெட் தெரியாதுங்க. மோட்டார் என்றால் கிணற்று மோட்டார்தான். அதற்கு இதுவரை யாரும் தமிழ் கேட்டு வந்ததில்லை. ஆனால் காளை தெரியும். மூக்கில் கட்டுகிற கயிற்றுக்குப் பேர் மூக்கணாங்கயிறு. நீங்களும் மூக்கில்தானே கட்டுகிறீர்கள்? அப்புறம் எதற்கு இத்தனை கடிதம்?

ஒரு விசயம். நாங்கள் பருத்தி நூலைத்தான் முறுக்கிப் போடுவோம், எண்ணெய் தடவி. இப்போது கடையில் நைலான் கிடைக்கிறது. மெல்லிசு, மலிவு. இரண்டே நாளில் மூக்கை அறுத்துவிடும். கொலராடோக்காரர் சொன்ன வாழைமட்டைக் கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

பொறியாளர், கொலராடோ | வியாழன் இரவு

அண்ணா, அதேதான்! மெல்லிய கயிறு அறுக்கும், தடித்தது அறுக்காது. இந்த ஒரு வரிக்கு நான் ஒரு ராக்கெட்டைக் காவு கொடுத்திருக்கிறேன். என் வாக்கு மூக்கணாங்கயிற்றுக்கு.

தனித்தமிழன், சேலம் | வெள்ளி காலை

கூர்ந்து பார்த்தேன். அரைஞாண் கயிறு பேச்சில் அரணாக்கயிறு ஆகிறது. அதே வழியில் மூக்கு + நாண் + கயிறு, மூக்கணாங்கயிறு. ஆக நான் புதனன்றே சொன்ன நாண் அதற்குள்ளே இருக்கிறது. தடையில்லை.

பேராசிரியர், தஞ்சாவூர் | வெள்ளி காலை

நாணும் கயிறும் ஒரே பொருள். 'நடுசென்டர்' மாதிரி ஒரு சொல்லை மூதாதையர் ஆக்கினார்கள் என்கிறீர்களா? அது மூக்கு + அணை + ஆம் + கயிறு. மாட்டுவண்டியில் மூக்கணை உண்டு, பார்த்திருப்பீர்கள்.

தனித்தமிழன், சேலம் | வெள்ளி காலை

அரைஞாண் கயிற்றிலும் ஞாணும் கயிறும் சேர்ந்துதான் வருகின்றன. அதையும் நடுசென்டர் என்பீர்களா?

அக்கா, டொராண்டோ | வெள்ளி மதியம்

நல்ல சொல்தான், ஆனால் எனக்கு ஒரு பயம். கயிற்றுக்கு ரெண்டு அந்தம் இருக்கு. மூக்கு, மூக்கு எண்டு சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளையள் மற்ற அந்தத்தை மறந்துபோவினம். அறுந்துபோகிறது அந்தப் பக்கம்தானே? 'பிணைகயிறு' எண்டு வைத்தால் ரெண்டும் சேர்ந்து வரும். பிள்ளையள் மாடும் காணாததுகள்.

பொறியாளர், கொலராடோ | வெள்ளி மதியம்

அக்கா சொல்வது சரி. பெரும்பாலும் விடுவது மோட்டார்க் கூட்டில் கட்டின முனைதான். பசை வெந்து போகும், கயிறும் கருகும். குழாயை மூடி ஒட்டியபிறகு கை விட்டுக் கட்டவும் முடியாது. ஆனால் வாக்கை மாற்றுவதாக இல்லை. பிணைகயிறு எதற்கும் பொருந்தும், அதனாலேயே நினைவில் நிற்காது.

ஆசிரியை, டெக்சஸ் | வெள்ளி நள்ளிரவு

அனைவருக்கும் நன்றி. 46 கடிதம் வந்திருக்கிறது; அதில் ஏழெட்டு கயிற்றைப் பற்றியது. எண்ணிப் பார்த்தேன். மூக்கணாங்கயிறு மூன்று (சேலத்து ஐயா நாணுக்குப் போட்டதையும் சேர்த்து), சிறுதாம்பு ஒன்று, பிணைகயிறு ஒன்று.

டெக்சஸில் மாட்டுக்குப் பஞ்சமில்லை அக்கா, மூக்கில் கயிறு போட்ட மாடுதான் இல்லை. பொள்ளாச்சி அண்ணாவின் கடிதத்தை வகுப்புக் குழுவில் போட்டேன். ஒரு பெண் உடனே காளைக்குத் துடுப்பு வைத்துப் படம் வரைந்து அனுப்பிவிட்டாள். அதையே அட்டையில் போட்டாயிற்று. அக்காவின் பயத்துக்காக, குழாயை ஒட்டும் 9ஆம் படிக்கு முன்னால் கட்டம் கட்டி, "மறுமுனை மோட்டார்க் கூட்டில் கட்டியாயிற்றா? இழுத்துப் பார்" என்று சேர்த்தேன்.

14ஆம் படி: "மூக்குக்கூம்பின் வளையத்தில் மூக்கணாங்கயிறை நுழைத்து முடிச்சுப் போடவும்." 23 பிரதி அச்சாகிவிட்டது.

பேராசிரியர், தஞ்சாவூர் | சனி காலை

அம்மா, 'கயிறை' அன்று, 'கயிற்றை'. உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், வேற்றுமை உருபு ஏற்கையில் ற இரட்டும். அச்சை நிறுத்த இயலுமா?

தனித்தமிழன், சேலம் | சனி காலை

பேராசிரியரை முழுமையாக வழிமொழிகிறேன். அட்டையில் 'ராக்கெட்' என்றிருப்பதையும் அப்படியே திருத்திவிடலாம்.

விவசாயி, பொள்ளாச்சி | சனி காலை

மாட்டுக்கு எப்படிச் சொன்னாலும் ஒன்றுதாங்க.