சுடர் பின்னங்காலைத் தூக்கிக் கொடுத்த நாள்

(குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை)

காலை 6:40

நான்: எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. நம் இளங்குதிரை சுடர் இன்று இடது பின்னங்காலைத் தானாகவே தூக்கிக் கொடுத்தான். உதைக்கவில்லை, இழுக்கவில்லை. குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து முடிக்கும்வரை அப்படியே நின்றான்.

அண்ணன்: நல்லது! ஆனால் காலைத் தூக்கியது அவ்வளவு பெரிய விஷயமா? நீ ஏறி ஓட்டிவிட்டாய் என்று நினைத்துத்தான் அவசரமாகத் திறந்தேன்.

சித்தப்பா: பெரிய விஷயம்தான் தம்பி. குதிரை ஓடித் தப்பிக்கிற பிராணி. கால்தான் அதற்கு உயிர். ஒரு காலை நம் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறது என்றால், ஓட முடியாத நிலையில் தன்னை நம்மிடம் விட்டிருக்கிறது. ஏறி உட்காருவதைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

அம்மா: எப்படிம்மா பழக்கினாய்? பின்பக்கம் போனாலே வாலைச் சுழற்றிக்கொண்டு நகர்ந்து போவானே.

நான்: கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான்: முதலில் தோளில் கையை வைப்பேன். அப்புறம் முதுகு, இடுப்பு, தொடை என்று தடவிக்கொண்டே கீழே வருவேன். எந்த இடத்தில் அவன் உடம்பு விறைக்கிறதோ, அந்த இடத்தில் கை நின்றுவிடும். மேலும் இறங்காது, எடுக்கவும் மாட்டேன். அவன் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்துவான் பாருங்கள், அந்த நொடியில் கையை எடுத்துவிடுவேன். கொஞ்சம் நடக்க வைத்து, மறுபடி தோளிலிருந்து ஆரம்பம்.

நான்: விறைத்திருக்கும்போது கையை எடுத்தால், ‘விறைத்தால் கை போய்விடும்’ என்று கற்றுக்கொள்வான். தளர்ந்தபோது எடுத்தால், தளர்வதைக் கற்றுக்கொள்வான். ஒரே கை, ஒரே இடம்தான். எடுக்கிற நேரம் மாறினால் பாடமே தலைகீழாகிவிடும்.

சித்தப்பா: சரியாகச் சொன்னாய் கண்ணு. கயிறு பிடித்து நடத்துவதிலும் இதேதான். லேசாக முன்னால் பிடி. ஒரு அடி எடுத்து வைத்தானா, உடனே கயிறு தொய்ய வேண்டும். தொய்ய விடாமல் இழுத்துக்கொண்டே போனால், ‘எது செய்தாலும் இந்த இழுப்பு விடாது’ என்று நினைத்து எதிர்த்து இழுக்க ஆரம்பிப்பான். நானூறு, ஐந்நூறு கிலோ உடம்போடு இழுபறி நடத்தி யாரும் ஜெயிக்க முடியாது.

அண்ணி: தின்ன ஏதாவது கொடுத்துப் பழக்கலாம் இல்லையா? நாய்க்குட்டியை அப்படித்தானே பழக்குகிறார்கள்.

நான்: பழக்கலாம் அண்ணி, நானும் செய்கிறேன். நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம், உடனே ஒரு வாய். அவன் சரியாகச் செய்த அதே நேரத்தில் சத்தம் வர வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: தலையை நேராக வைத்துக்கொண்டு அமைதியாக நிற்கும்போதுதான் கொடுப்பேன். சட்டைப் பையை முகர்ந்து தேடும்போது கொடுத்தால், அப்புறம் சட்டையையே கடித்து இழுக்கிற பழக்கம் வந்துவிடும்.

காலை 7:25

அண்ணன்: சரி, சேணம் எப்போது? வளர்ந்து பெரிதாகத்தான் தெரிகிறான்.

நான்: அண்ணா, அவனுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. பார்க்க உயரமாக இருக்கிறான், உள்ளே எலும்பு முற்றவில்லை. எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான், வளர்ச்சி முடிந்ததும் அது எலும்பாகி மூடிவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேலே இருப்பது மூடவே இரண்டு, இரண்டரை வயது ஆகும். எல்லாவற்றிலும் கடைசியாக மூடுவது முதுகெலும்பில் இருப்பவைதான். அதற்கு ஐந்தரை, ஆறு வயது ஆகிவிடும். நாம் உட்காரப்போவது அந்த முதுகில்தான்.

சித்தப்பா: நான்கு வயதில் லேசாக ஆரம்பிக்கலாம். நடை மட்டும், கொஞ்ச நேரம் மட்டும். பாரமும் பார்க்க வேண்டும். ஏறுகிற ஆளும் சேணமும் சேர்த்துக் குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. இளங்குதிரைக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கட்டும்.

அம்மா: அப்படியென்றால் அதுவரை நாள் முழுக்க அவனோடு என்னதான் செய்வாய்?

நான்: அம்மா, எனக்கு நாளே போதவில்லை!

நான்: காலையில் நம் பெண் குதிரை மேகத்தையும் அவனையும் சேர்த்து நடைக்குக் கூட்டிப் போகிறேன். வழியில் தண்ணீர் தேங்கியிருக்கும், சாக்கு பறக்கும், யாராவது வண்டியைக் கிளப்புவார்கள். எல்லாமே அவனுக்குப் பாடம்தான். மேகம் கூட இருப்பது பெரிய பலம். அவள் தண்ணீரில் சாதாரணமாகக் கால் வைத்து நடப்பதைப் பார்த்தால், அவனும் கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு இறங்குகிறான். நான் சொல்லிக் கொடுப்பதைவிட அவள் பக்கத்தில் நிற்பது வேகமாக வேலை செய்கிறது.

நான்: [படம்: விரித்த குடையின் பின்னால் நடந்து வரும் சுடர்]

அண்ணி: ஐயோ, குடைக்குப் பின்னால் போகிறானே! பயப்படவில்லையா?

நான்: குடையை அவனை நோக்கிக் கொண்டுபோனால் பயப்படுவான் அண்ணி. நான் குடையை விரித்துக்கொண்டு அவனை விட்டு விலகி நடந்தேன். தன்னைவிட்டு ஓடுகிற பொருளைப் பார்த்துக் குதிரைக்குப் பயம் குறையும், என்னவென்று பார்க்கும் ஆசை வரும். கொஞ்ச தூரம் தொடர்ந்து வந்தான். அப்புறம் மூக்கை நீட்டித் துணியைத் தொட்டான். தொட்டதும் குடையை மடக்கிவிட்டேன்.

சித்தப்பா: மடக்கினாய் பார், அது அருமை. அவன் தைரியமாக நிற்கும்போது முடித்துவிட்டாய். பழக்குகிற பலருக்கு அந்தப் பொறுமை இருக்காது, ‘இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை’ என்று இழுத்துக்கொண்டே போய்க் கெடுத்துவிடுவார்கள்.

காலை 9:10

பாப்பா: அத்தை, நான் லீவுக்கு வரும்போது சுடர் பக்கத்தில் போகலாமா? எப்படிப் போக வேண்டும்? அம்மா போனிலிருந்துதான் எழுதுகிறேன்.

நான்: கட்டாயம் போகலாம் பாப்பா. குதிரையின் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது இல்லையா, அதனால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும், 350 டிகிரி வரைக்கும். தெரியாத இடம் இரண்டுதான். ஒன்று நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்குக் கீழே. இன்னொன்று வாலுக்கு நேர் பின்னால். அதனால் நேராகப் போய் நெற்றியைத் தொடாதே. தோள் பக்கமாகப் போ, போகும்போது பேசிக்கொண்டே போ. பக்கத்தில் போனதும் கையை நீட்டு, அவனே முகர்ந்து பார்க்கட்டும். அப்புறம் கழுத்தைச் சொறிந்து கொடு. பின்பக்கம் போக வேண்டுமானால், அவன் உடம்பின் மேல் ஒரு கையை வைத்தபடியே சுற்றி வா.

பாப்பா: காதைப் பார்த்தால் கோபம் தெரியுமா?

நான்: தெரியும். காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ கவனம் அந்தப் பக்கம். ஒரு காது உன்னை நோக்கித் திரும்பியிருந்தால் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு காதும் கழுத்தோடு ஒட்டப் படிந்துவிட்டால் விலகி வந்துவிடு. அது கோபம். தூங்கி வழியும்போதும் காது சரிந்திருக்கும், ஆனால் அப்போது பக்கவாட்டில் தொங்கும், ஒட்டிக்கொள்ளாது.

சித்தப்பா: பாப்பா, அவன் உன்னைப் பார்க்கிற பார்வை நீ அவனைப் பார்ப்பதைவிடக் கூர்மை. பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்கிற ஆசிரியருடையது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஏமாற்று வேலையோ என்று 1904-இல் ஒரு குழு போட்டுப் பார்த்தார்கள், எந்தத் தந்திரமும் கண்டுபிடிக்க முடியவில்லை. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்கிற ஆய்வாளர்தான் கண்டுபிடித்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை தன்னையறியாமல் துளி அசைந்தது. அந்த அசைவைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

பாப்பா: ஆனாலும் அது புத்திசாலிதானே சின்ன தாத்தா? யாருக்கும் தெரியாத அசைவு அதற்குத் தெரிந்திருக்கிறதே!

சித்தப்பா: அப்படித்தான் நானும் நினைக்கிறேன் செல்லம். அதனால்தான் சொல்கிறேன், பயமாக இருந்தால் பக்கத்தில் போகாதே. கொஞ்சம் தள்ளி நின்று மூச்சை நன்றாக விட்டுவிட்டுப் போ. நீ தோளை இறுக்கினால் அவனும் இறுகுவான்.

மதியம் 1:05

அண்ணி: குழுவில் போட்ட அந்தப் புதுப் படத்தில் மேகம் ஏன் கீழே கிடக்கிறாள்? கால் எல்லாம் நீட்டியபடி! உடம்பு சரியில்லையா?

நான்: இல்லை இல்லை அண்ணி, தூங்குகிறாள். எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்தது, அதனால் போட்டேன்.

அண்ணன்: குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்றுதானே படித்திருக்கிறோம்?

நான்: நின்றுகொண்டும் தூங்கும் அண்ணா. காலில் உள்ள நாண்களும் தசைநார்களும் பூட்டிக்கொள்வதால் தசைக்கு வேலை இல்லாமல் நிற்க முடியும். ஆனால் ஆழ்ந்த தூக்கம், கனவு வருகிற தூக்கம், படுத்தால்தான் வரும். அது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் தேவை. அதற்கும் அவர்களுக்கு நிம்மதி வேண்டும். பயமான இடத்தில் படுக்கவே மாட்டார்கள். சுடர் பக்கத்தில் நின்று காவல் காக்கிறான் பாருங்கள், ஓரத்தில் அவன் கால் தெரியும்.

அம்மா: சரி, நோயில் படுப்பது எது, தூக்கத்தில் படுப்பது எது என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? நீ ஊருக்குப் போகும்போது நாங்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா: இது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது அண்ணி. வயிற்று வலி வந்த குதிரை நிம்மதியாகப் படுக்காது. எழும், படுக்கும், புரளும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். முன்னங்காலால் தரையைக் கீறும். தீவனத்தைத் தொடாது, லத்தி போடாது, வியர்க்கும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது மேல்வழியாகத் திரும்ப வழியில்லை. அதனால் ‘காலையில் பார்க்கலாம்’ என்று தள்ளிப் போடவே கூடாது, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

நான்: அம்மா, லாயக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன், இங்கேயும் போடுகிறேன். அமைதியாக இருக்கும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 செல்சியஸ். டாக்டரைக் கூப்பிடும்போது இந்த மூன்றையும் எடுத்துச் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்கும். துடிப்பைத் தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்துப் பார்க்கலாம். நீங்கள் வரும்போது மேகத்திடம் காட்டித் தருகிறேன், அவள் பொறுமையாக நிற்பாள்.

அம்மா: காட்டு. அப்புறம் இரவில் புல் எவ்வளவு வைக்கிறாய்? ராத்திரி முழுக்கச் சும்மாவா நிற்கின்றன?

நான்: சும்மா நிற்க விடக்கூடாது அம்மா. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் குதிரை வயிற்றில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வெகுநேரம் வெறும் வயிறாக இருந்தால் புண் வந்துவிடும். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த புல் ஒரு நாளைக்கு வேண்டும். மேகம் ஐந்நூறு கிலோ என்றால் ஏழரை முதல் பத்து கிலோ. அதைச் சின்னக் கண்ணியுள்ள வலையில் கட்டித் தொங்கவிடுகிறேன். ஒவ்வொரு வாயாக இழுத்துச் சாப்பிட வேண்டும், அதனால் இரவு முழுக்க ஓடும். தானியம் கொஞ்சமே கொஞ்சம்தான்.

மாலை 6:30

நான்: [படம்: மேகத்தின் மூக்கு மட்டும், மேலுதடு ஒரு பக்கமாக நீண்டு]

அண்ணன்: என்ன இது, உதட்டை ஏன் இப்படிக் கோணலாக வைத்திருக்கிறாள்?

நான்: சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றினேன் அண்ணா. பிடரி முடிந்து முதுகு ஆரம்பிக்கிற மேடு இருக்கிறதே, அங்கே நகத்தால் சொறிந்து கொடுத்தேன். முதலில் கழுத்தை நீட்டினாள். அப்புறம் கண் பாதி மூடியது, மேலுதடு நீண்டு காற்றில் துடித்தது. கொஞ்ச நேரத்தில் தலையைத் திருப்பி என் தோளையே உதட்டால் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். சொறிகிறவருக்குத் திருப்பிச் சொறிவது குதிரைகளின் மரியாதை.

சித்தப்பா: அந்த இடத்தில் சொறிந்தால் இதயத் துடிப்பே குறையும். பிரான்சில் செய்து 1993-இல் வெளியான ஆய்வில் அளந்து பார்த்திருக்கிறார்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். கழுத்தில் பட்பட் என்று தட்டிக் கொடுப்பதைவிட இது நல்லது. தட்டுவது நமக்குப் பிடித்தது, சொறிவது அவர்களுக்குப் பிடித்தது.

அம்மா: சவாரி எப்படி இருந்தது?

நான்: நன்றாக இருந்தது அம்மா. முதலில் கடிவாள வாரைத் தளர விட்டு வெறும் நடை, உடம்பு சூடாகும்வரை. அப்புறம் நிறுத்தும் பயிற்சி. வாரை இழுக்காமல், நான் மூச்சை விட்டு இடுப்பைத் தளர்த்தினால் நிற்க வேண்டும். இப்போதெல்லாம் மூச்சுக்கே நின்றுவிடுகிறாள். கடைசியில் ஒரு சின்ன ஓட்டம், அவளுக்கும் ஆசை இருந்தது.

பாப்பா: அத்தை, ஓடும்போது நான்கு காலும் தரையில் படாமல் பறக்குமா?

நான்: பாய்ச்சலில் பறக்கும் பாப்பா. 1878-இல் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாக கேமராக்களை வைத்துப் படம் எடுத்து நிரூபித்தார். கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேர்ந்திருக்கும்போதுதான் அந்தப் பறப்பு. அதுவரை ஓவியர்கள் முன்னும் பின்னும் கால்களை நீட்டிப் பறப்பதாகத்தான் வரைந்துகொண்டிருந்தார்கள்.

இரவு 8:15

நான்: நாளை காலை குளம்பு வெட்டுகிறவர் வருகிறார். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீர் செய்தாக வேண்டும். சுடருக்கு லாடம் இல்லை, வெட்டி அரம் போடுவது மட்டும்தான். அரத்தின் சத்தத்துக்கு அவனைப் பழக்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் புது ஆள், அதனால் மேகத்தை அவன் கண்ணில் படும்படி கட்டி வைக்கிறேன்.

அண்ணன்: நான் வந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டுமா?

நான்: வா அண்ணா, நல்லது. மூடிய ஷூ போட்டுக்கொண்டு வா, செருப்பு வேண்டாம்.

சித்தப்பா: கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே தம்பி. மடித்துப் பிடி. அவன் திடீரென்று பின்வாங்கினால் சுற்றிய கயிறு விரலை இறுக்கிவிடும். அப்புறம் வேலை செய்கிறவர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ நீயும் அதே பக்கம் நில்.

அண்ணன்: சரி சித்தப்பா. ஏன் அதே பக்கம்?

சித்தப்பா: அவன் மிரண்டால் தலையை உன் பக்கம் இழுப்பாய். தலை இந்தப் பக்கம் வந்தால் பின்பக்கம் அந்தப் பக்கம் விலகும், வேலை செய்கிறவர் தப்பித்துக்கொள்வார். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் பின்பக்கம் அவர் மேலேயே போய் மோதும்.

அண்ணன்: புரிந்தது. எத்தனை மணிக்கு?

நான்: ஏழு மணிக்கு. ஆறரைக்கே வந்துவிடு, அவனைக் கொஞ்சம் நடத்திவிட்டு நிறுத்தலாம்.