ராணி மங்கம்மாள்: சாலையும் சத்திரமும் மட்டும்தானா?

கேள்வி:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மதுரை நாயக்கர் நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாளைப் பற்றிப் பேச வேண்டும். சாலை போட்டார், சத்திரம் கட்டினார் என்பதற்கு மேல் என்ன சொல்லலாம்? பேரனுக்காகப் பொறுப்பு வகித்தவரை அரசி என்றே சொல்லலாமா? "முகலாயருக்குக் கப்பம் கட்டினவங்கதானே?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1:
தாராளமாக அரசி என்று சொல்லுங்கள். பட்டம் பேரன் விஜயரங்க சொக்கநாதன் பெயரில் இருந்தது, ஆனால் அவன் கைக்குழந்தை. 1682இல் கணவர் சொக்கநாத நாயக்கர் காலமானார். 1689இல் மகன் முத்துவீரப்பர் பெரியம்மையில் இறந்தார். பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே மருமகளும் போய்விட்டார். பாட்டியும் பேரனும்தான் மிச்சம். அப்புறம் சுமார் 15 ஆண்டுகள் படை அனுப்பியதும் சமாதானம் பேசியதும் அந்தப் பாட்டிதான்.

கப்பம் கட்டியதைத்தான் நான் அவருடைய ஆகச் சிறந்த முடிவு என்பேன். முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் அப்போது மராத்தியர் கையில் இருந்த செஞ்சிக் கோட்டையை வளைத்திருந்தார். 1690இல் தொடங்கிய முற்றுகை, கோட்டை விழ 1698 ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய படை பக்கத்தில் நிற்கும்போது தலைநகர் திருச்சியில் இருந்து வீரம் பேசியிருந்தால் வயலும் ஊரும்தான் எரிந்திருக்கும். பணத்தைக் கொடுத்து அந்தச் சண்டை தன் நாட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டார். பயந்த சுபாவம் என்றால், தனக்குக் கட்டிவந்த கப்பத்தை நிறுத்திய திருவிதாங்கூர் மேல் 1697இல் தளவாய் (படைத்தலைவர்) நரசப்பையாவை அனுப்பியிருப்பாரா? தஞ்சை மராத்தியர் தொல்லை கொடுத்தபோதும் அதே தளவாய்தான் போய் அடக்கினார்.

அந்தத் தஞ்சாவூர்க் கதையின் அடுத்த பாதியை விட்டுவிடாதீர்கள். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை போட்டார். தண்ணீர் நின்றதும், அதுவரை மோதிக்கொண்ட தஞ்சாவூரும் மதுரையும் சேர்ந்து படை திரட்டின. படை போய்ச் சேரும் முன்பே பெருமழை பெய்து அணை உடைந்துவிட்டது. பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், பாருங்கள்.

பதில் 2:
வெற்றிகளை மட்டும் சொல்ல வேண்டாம். 1702இல் இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி மேல் அனுப்பிய படை தோற்றது. நரசப்பையா அந்தப் போரில்தான் இறந்தார். நம்பிய தளவாயை இழந்தது பெரிய அடி.

இன்னொன்று, இந்து அரசியான அவர் திருச்சி தர்காவுக்கு நிலம் கொடுத்தார். இராமநாதபுரத்தில் சிறைப்பட்டிருந்த மெல்லோ பாதிரியாரின் விடுதலைக்கும் முயன்றார். சாலையையும் லேசாக எண்ணாதீர்கள். கன்னியாகுமரி வரை நடந்தே போகும் ஒருவருக்கு நிழலும் தண்ணீரும் தங்க இடமும் கிடைத்தன என்றால், அது சின்ன வேலையா?

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கடைசிக் காலத்தில் சிறையில் வைத்து, சாப்பாட்டைக் கண்ணில் காட்டியே பட்டினி போட்டார்கள் என்கிறார்களே?

பதில் 1:
அது செவிவழிக் கதை. சொன்னால் கதை என்றே சொல்லுங்கள். அதில் பேச்சை முடித்தால், நாட்டை ஆண்ட அரசி மறைந்துபோய்ப் பாவப்பட்ட கிழவி ஒருவர்தான் பிள்ளைகள் மனதில் நிற்பார். முடிந்தால் மதுரைக்குக் கூட்டிப்போங்கள். காந்தி அருங்காட்சியகம் இருப்பது அவருடைய தமுக்கம் அரண்மனையில்தான். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம்.