43 கிலோவுக்கு 41,300 டாலரா?

கியர்மணி:
"லிமிடெட் எடிஷன் கார் வாங்குகிறவன் எல்லாம் ஏமாளி" என்று நேற்று பழைய ஸ்பேனர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. போர்ஷே 911 ஆர் என்று ஒன்று 2016இல் ஜெனீவா கார் கண்காட்சியில் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? மொத்தமே 991 கார். 911இலேயே பந்தயப் பாணி வகையான ஜிடி3 ஆர்எஸ்ஸின் 4 லிட்டர் இன்ஜின், 500 குதிரைசக்தி, ஆறு கியர் மேனுவல். அப்போதைய ஜிடி3யில் கெஞ்சினாலும் மேனுவல் கிடைக்காது. கூரை மக்னீசியம், பானட் கார்பன். எடை 1,370 கிலோ. அமெரிக்க விலை 1,84,900 டாலர். இதில் யார் ஏமாளி?

பழைய ஸ்பேனர்:
அடுத்த வருடமே வந்த ஜிடி3 டூரிங்கை வசதியாக மறந்துவிட்டீர்களே, மணி அண்ணே. அதுவும் 4 லிட்டர், அதே 500, அதே ஆறு கியர் மேனுவல், பின்னால் இறக்கையும் இல்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும், உங்கள் ஆர் 8,500தான். விலை 1,43,600. எடை 1,413. ஆக 43 கிலோ குறைய 41,300 டாலர். கிலோ 960 டாலர்! ஒரு மாதம் இரவுச் சாப்பாட்டை விட்டால் பாதி எடையை நானே குறைத்துத் தருகிறேன்.

கியர்மணி:
கூரையில் குறைகிற கிலோவும் உங்கள் தொப்பையில் குறைகிற கிலோவும் ஒன்றா? உச்சியில் கனம் குறைந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும். செராமிக் பிரேக்கும் ஆரில் விலையோடு சேர்ந்தே வந்தது, டூரிங்கில் தனிக் காசு கேட்டார்கள். கணக்குப் போட்டால் முழுசாகப் போடுங்கள்.

பழைய ஸ்பேனர்:
1,370 என்பது ஏசி இல்லாமல்.

கியர்மணி:
கேட்டால் ஏசியும் ரேடியோவும் காசில்லாமலே கொடுத்தார்கள் ஐயா.

பழைய ஸ்பேனர்:
கேட்டு வாங்கிய பிறகு 1,370 எங்கே நிற்கும்?

நெக்கார் கரை:
ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிக்னலில் 911 ஆர் என் பக்கத்தில் நின்றது. டிரைவர் கிளட்சை விட்டதும் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகட என்று, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். மிதித்தால் கப்சிப். லேசான ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனச் சக்கரம்) கேட்டு வாங்கிய வண்டி போலிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். அப்புறம், இங்கே எல்லோரும் 'போர்ஷெ' என்றுதான் சொல்கிறார்கள். 'ஷே' என்று இழுப்பதில்லை.

கியர்மணி:
ஜெர்மனியில் குடியிருந்தால் தமிழ் எழுத்தும் கற்றுத்தருவீர்களோ? நாங்கள் இருபது வருடமாக இப்படித்தான் எழுதுகிறோம்.

வட்டிக்கடை:
அண்ணன்மாரே, போர்ஷேயின் அதிவிலைக் கார் 918 ஸ்பைடரை வைத்திருந்தவர்களுக்குத்தான் ஆரை முதலில் நீட்டினார்கள். அதில் பலர் துணியைப் போட்டு மூடி, வாங்கிய விலைக்குப் பல மடங்கு சொன்னார்கள். டூரிங் வந்ததும் விலை இறங்கியது. மேனுவலுக்காகக் கொடுத்த காசு அது, 991 என்ற எண்ணுக்காக இல்லை. அந்த 991ம் அந்தத் தலைமுறை 911இன் குறியீட்டு எண்தான்.

கியர்மணி:
இறங்கியும் புது விலைக்குக் கீழே போனதா? சொல்லுங்கள். 1967இல் வந்த முதல் ஆர் இருபது சொச்சம்தான், அதன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். மக்னீசியம் கூரையைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா யாராவது?

பழைய ஸ்பேனர்:
நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போன வருடம் "மீட்டர் சுத்தம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று எனக்கு ஒரு பழைய காரைக் கைகாட்டியவர்தானே! மீட்டரைத் திருப்பியிருந்தார்கள். நான்கு மாதத்தில் கிளட்ச் போனது.

கியர்மணி:
அது நீங்கள் ஓட்டிய லட்சணம். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர் மேனுவலைப் பற்றிப் பேசுகிறார்! 43 கிலோ 43 கிலோதான்.

பழைய ஸ்பேனர்:
ஏசி போட்டா, போடாமலா?

கியர்மணி:
ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன். உங்களுக்கு என்ன?